தரங்கம்பாடிக் காசு: ஒரு செட் எங்கே முடிகிறது?

மயிலாடுதுறையிலிருந்து பொறையார் போகும் பேருந்தில் திருக்கடையூர் வந்ததும் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வந்தவர்கள். அதற்கப்புறம் தரங்கம்பாடி வரை ஜன்னலோரம் தாராளமாகக் கிடைக்கும். அங்கே உட்கார்ந்ததும் என்னோடு வந்த கும்பகோணத்துப் பெரியவர் தம் ஆல்பத்தைப் பிரித்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் அச்சடித்த செப்புக் காசுகளை வெகுகாலமாகச் சேர்த்துவருகிறார். ஆல்பம் முழுக்க ‘நாலு காஸ்’ மதிப்புள்ள நாணயங்கள்தான். எல்லாம் ஆறாம் பிரெடெரிக் மன்னர் காலத்தவை. ஆண்டு வரிசைப்படி செருகி வைத்திருந்தார்.

“1815-ல ஆரம்பிச்சு 1839 வரைக்கும் தம்பி. இன்னும் சில வருஷந்தான் பாக்கி. அது கிடைச்சுட்டா செட் முடிஞ்சுது.”

“ஈயக் காசு, ஐயா?”

“அது வேற செட்.”

“பத்து காஸ்?”

“அதுவும் வேற செட்தான்.”

அவர் சொல்வது நியாயம்தான். நாணயம் சேர்க்கிற ஒவ்வொருவரும் எங்காவது ஓரிடத்தில் கோடு போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் சேகரிப்புக்கு முடிவே இருக்காது; பணத்துக்கும்தான். ஆனால் அந்தக் கோட்டை எங்கே போடுவது, யார் சொல்லிப் போடுவது? தரங்கம்பாடித் தெருக்களில் சுற்றிய நேரமெல்லாம் எங்களுக்குள் இதே பேச்சுதான்.

பிரிட்டிஷ் இந்திய நாணயம் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். 1911-இல் வந்த முதல் ரூபாயில் அரசரின் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அச்சைத் திருத்தி அடுத்த ஆண்டு புது ரூபாய் விட்டார்கள். மன்னருக்கு ஒரு ரூபாய் போதும் என்பவருக்கு இதில் ஏதாவது ஒரு காசு கிடைத்தால் வேலை முடிந்தது. உருவ வேறுபாடு பார்ப்பவருக்குப் பன்றி ரூபாய் ஒன்று, யானை ரூபாய் ஒன்று. ஆண்டு பார்ப்பவருக்கு 1911-க்கு ஒன்று, 1912-க்கு ஒன்று என்று நீளும். அக்கசாலை பார்ப்பவர் பம்பாயின் புள்ளி வைத்தது ஒன்று, கல்கத்தாவின் புள்ளி இல்லாதது ஒன்று என்று பல ஆண்டுகளுக்கு இரண்டு தேடுவார். நான்கு பேரும் ‘என்னிடம் முழு செட் இருக்கிறது’ என்று சொல்லலாம். நான்கு பேர் சொல்வதும் உண்மை. என்ன இருக்கிறது, எது இல்லை என்பதற்கு அங்கே அரசாங்கப் பதிவும் அச்சிட்ட பட்டியலும் துணை நிற்கும்.

தரங்கம்பாடிக் காசுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஜான் கிரே 1974-இல் வெளியிட்ட கையேடு இருக்கிறது. அதற்குப் பின்னால் டென்மார்க்கில் வந்த பட்டியல்களும் உண்டு. ஆனால் அச்சைக் கையால் வெட்டி, காசைக் கையால் அடித்த ஊர் இது. அச்சு தேய்ந்தால் வேறொரு ஆள் வேறொரு அச்சு வெட்டுவான். எழுத்து சற்று சாயும், எண் புரளும், முடியின் வளைவு மாறும். இதையெல்லாம் தனித்தனி வகையாக எண்ணப் புகுந்தால் பட்டியலுக்கு அடியே தெரியாது.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கால்வைத்தார்கள். அப்போது டென்மார்க்கில் நான்காம் கிறிஸ்டியன் ஆண்டுகொண்டிருந்தார். 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்போது இருந்தவர் எட்டாம் கிறிஸ்டியன். இடையில் 225 ஆண்டு. மொத்தம் ஒன்பது மன்னர்கள். டேனிஷ் அரச குடும்பத்தில் கிறிஸ்டியன், பிரெடெரிக் என்று பெயர் மாறி மாறி வரும். அதனால் காசைக் கையில் எடுத்ததும் C-யா F-ஆ என்று பார்த்து, கூடவே இருக்கும் எண்ணையும் பார்த்துவிட்டால் யார் காலத்துக் காசு என்று சொல்லிவிடலாம். C-க்குள் 7 இருந்தால் ஏழாம் கிறிஸ்டியன். 1766 முதல் 1808 வரை. மேலே ஒரு முடி. பின்பக்கம் ரோமன் எண்ணில் மதிப்பு, KAS என்ற எழுத்து, ஆண்டு. எண்பது காஸ் ஒரு ஃபானோ. எட்டு ஃபானோ ஒரு ரூபாய். சந்தையில் கைமாறியது பெரும்பாலும் ஒன்று, இரண்டு, நாலு, பத்து காஸ்தான்.

1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. வெள்ளையடித்த வாயில், அகலமான தெரு, இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள். பாதித் தெரு போனால் வலப்பக்கம், இடப்பக்கம் என்று தேவாலயங்கள். 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம் டேனிஷ்காரர்களுக்காக. 1718-இல் மதபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் தமிழ்ச் சபைக்காக. அந்த இரண்டாவது ஆலயத்தின் முகப்பில்தான் பெரியவர் என்னை நிறுத்தினார். மேலே முடி, அதன் கீழே நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்து, ஆண்டு. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் சுதையில் இருக்கும் அதே முத்திரையை அவர் காலத்துச் செப்புக் காசில் சுண்டுவிரல் நகத்தளவுக்குள் அடித்திருக்கிறார்கள். சீகன்பால்குவை இங்கே அனுப்பியவர் அந்த மன்னர்தான். புத்தகத்தில் நூறு முறை படித்தாலும், இந்தச் சுவருக்குக் கீழே நின்று காசையும் சுவரையும் மாறி மாறிப் பார்க்கும்போது அது வேறு மாதிரி மனத்தில் நிற்கிறது.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பெரியவரின் ஆல்பத்தில் இந்த மன்னர் இல்லை. ஒரே மன்னரின் ஒரே மதிப்புக் காசு இருபதுக்கு மேல் இருக்கிறது. சீகன்பால்கு அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட நாளில் இந்தத் தெருவில் புழங்கிய காசு ஒன்றுகூட இல்லை.

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “ஆண்டு வரிசையில ஒரு அழகு இருக்கு தம்பி. நடுவுல விட்டுப்போன வருஷம் ஏன் விட்டுப்போச்சுன்னு தேடத் தோணும்ல” என்றார்.

இது லேசான பதில் அல்ல. 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடி ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஐரோப்பாவில் நெப்போலியன் போர். டென்மார்க் எதிர்ப்பக்கம் நின்றதால் இங்கிருந்த சின்ன ஊரையும் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் கிறிஸ்டியன் 1808-இல் இறந்தார். ஆறாம் பிரெடெரிக் பட்டம் ஏறினார். ஆனால் அவர் பெயரில் இங்கே காசு அடிக்க 1815 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆல்பத்தில் அந்த ஆட்சியின் முதல் ஏழு ஆண்டுகள் இல்லாவிட்டால் அது குறை அல்ல. காசே இல்லாத காலம். ஆண்டு வரிசையாகச் சேர்ப்பவருக்குத்தான் அந்த வெற்றிடம் கண்ணில் படும். பெரியவருடைய முறைக்கு இருக்கும் பலம் இது. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனாலும் அவர் ‘வேற செட்’ என்று ஒதுக்கிய ஈயக் காசு இல்லாமல் தரங்கம்பாடிக் காசு என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது என்பது என் எண்ணம்.

டான்ஸ்போர்க் கோட்டைக்குப் போனோம். மஞ்சள் சுவர், கீழே கவிந்த கூரை வைத்த நீண்ட அறைகள், மாடியில் கடலைப் பார்த்த திறந்தவெளி. தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. மாடியில் கடல்காற்று வாங்க உட்கார்ந்த இடத்தில் பெரியவர் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பியை எடுத்தார். ‘வேற செட்’ என்றாரே தவிர, ஒன்று வைத்திருந்தார்.

உள்ளே இருந்தது மூன்றாம் பிரெடெரிக் காலத்து ஈயக் காசு. முழு வட்டமும் இல்லை. ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. நிறம் சாம்பல். விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் முடியின் முனைகள் மூன்று தெரிந்தன. அதன் கீழே F-இன் நெடுங்கோடு. எண் தேய்ந்துபோயிருந்தது. பின்பக்கம் எழுத்துகள் இருந்த தடம் மட்டும். கையில் வைத்தால் அளவுக்கு மீறிய கனம். விரலால் தேய்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஈயம் அவ்வளவு மென்மை. இதை மரப்பெட்டியில் வைக்கக் கூடாது. மரத்திலிருந்து வரும் அமில ஆவியே ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். காகித உறையும் ஆபத்துதான். இதனால்தான் நல்ல நிலையில் ஈயக் காசு கிடைப்பது அரிது. பல காசுகள் சேர்த்தவரின் பீரோவிலேயே பொடிந்துபோயிருக்கின்றன.

இந்தக் காசின் காலம் சாதாரணக் காலம் இல்லை. மூன்றாம் பிரெடெரிக் ஆண்டது 1648 முதல் 1670 வரை. அந்த ஆட்சியின் பெரும்பகுதியில் தரங்கம்பாடியை டென்மார்க் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. டேனிஷ் வணிகக் கம்பெனி கலைந்துவிட்டது. கால் நூற்றாண்டு காலம் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒருவர் மிஞ்சினார். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். 1669-இல் ‘ஃபாரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது கொடி இறங்காமல் இருந்தது. அந்தப் பரிதாபமான காலத்து மன்னரின் பெயரில்தான் ஈயக் காசுகள் வகை வகையாகக் கிடைக்கின்றன. ஈயக் காசுகள் சிலவற்றில் மன்னர் எழுத்துக்குப் பின்பக்கம் ஊர்ப் பெயர் இருக்கும். சிலவற்றில் கப்பலின் பெயர். ஐரோப்பா கைவிட்டாலும் இந்த ஊரின் கடைத்தெரு நடந்திருக்கிறது, சில்லறை தேவைப்பட்டிருக்கிறது, யாரோ ஈயத்தை உருக்கி அடித்திருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு 1815-இலிருந்து செட்டைத் தொடங்கினால் கதையின் முக்கால் பாகம் போய்விடும்.

மன்னருக்கு ஒரு காசு. ஒன்பது மன்னர், குறைந்தது ஒன்பது காசு. இதுதான் என் கணக்கு. நான்காம் கிறிஸ்டியனும் மூன்றாம் பிரெடெரிக்கும் ஈயத்தில். ஐந்தாம் கிறிஸ்டியன் காலத்தில் ஈயத்தோடு செம்பும் வருகிறது, முடிந்தால் இரண்டும். அதற்குப் பிறகு செம்பு. ஐந்தாம் பிரெடெரிக் காலத்தில், 1755 வாக்கில், ராயலினர் என்ற வெள்ளிக் காசு வருவதால் அதில் ஒன்று. கம்பெனியின் எழுத்துகளைப் பின்னிய முத்திரை உள்ள காசு ஒன்று. ஏனென்றால் ஊரை ஆண்டது பாதி மன்னர், பாதி வியாபாரி. இவ்வளவு இருந்தால் 225 ஆண்டும் உள்ளங்கையில் வந்துவிடும்.

தங்கம்? ஏழாம் கிறிஸ்டியன் பெயரில் வராகன் அடித்திருக்கிறார்கள். அது பெரிய ஏலங்களில் எப்போதாவது தலைகாட்டும். சாதாரணச் சம்பளக்காரர் கனவில்கூட வாங்க முடியாது. அதனால் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விடுவதற்கு அதைவிட நல்ல காரணம் இருக்கிறது. இந்தத் தெருவில் மீன் வாங்கியவரும் உப்பு விற்றவரும் அந்த வராகனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஊரின் காசைச் சேர்க்கிறோம் என்றால் ஊர் புழங்கிய காசுதான் கணக்கு. அதே நியாயப்படி இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஊர்க்காரர் மடியில் டேனிஷ் காசு மட்டும் இருந்திருக்காது. தெற்கே பக்கத்திலேயே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். அதற்கும் தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். ஒரு பக்கம் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்ற பெயரும் உள்ள பிரெஞ்சுச் செப்புக்காசு பொறையார்ச் சந்தைக்கு வராமலா இருந்திருக்கும்? அதனால் என் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தை அக்கம்பக்கத்துக் காசுகளுக்கு விட்டிருக்கிறேன். அது செட்டில் சேராது. ஆனால் அது இல்லாமல் செட்டைப் படிக்க முடியாது.

ஓட்டை போட்ட காசைப் பற்றியும் பேச்சு வந்தது. பெரியவர் ஓட்டைக் காசைச் செட்டில் சேர்ப்பதில்லை. நல்லது கிடைக்கும் வரை இடம் காலியாகவே இருக்கட்டும் என்பார். பெரும்பாலான நாணயக்காரர்கள் அவர் கட்சிதான். விலையிலும் ஓட்டைக் காசு பாதிக்குக் கீழே போய்விடும். நான் சேர்ப்பேன். செப்புக் காசில் ஓட்டை போட்டு அரைஞாணில் கோத்துக் குழந்தைக்குக் கட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். டேனிஷ் மன்னரின் முத்திரை ஒரு தமிழ்க் குழந்தையின் இடுப்பில் கிடந்திருக்கிறது என்பதற்கு அந்த ஓட்டைதான் சாட்சி. புழங்காத பளபளக் காசு அந்தச் சாட்சியைத் தராது.

கோட்டையிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போனோம். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. 1306-ஆம் ஆண்டுப் பாண்டியர் கோயில். 2004 சுனாமியும் இந்தக் கரையை விடவில்லை. கற்களின் மேல் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். நாணயம் தேடி வருகிறவர்களின் நடையே தெரியும்போல.

“காசுக்கா வந்தீங்க சார்? மழை பேஞ்சு கடல் பொங்கி வடிஞ்சா மணல்ல கிடக்கும். புள்ளைங்க பொறுக்கும். புளி போட்டுத் தேச்சா பளிச்சுனு ஆயிடும்.”

பெரியவர் முகம் சுருங்கியது. புளி போட்டால் களிம்பு போகும். கூடவே காசின் மேல்தோலும் போகும். முடியும் ஆண்டும் இருந்த இடத்தில் செம்பு நிறம் மட்டும் மின்னும். எத்தனையோ தரங்கம்பாடிக் காசு இப்படித்தான் ஊமையாகிவிட்டது. ஈயம் என்றால் இன்னும் மோசம்.

அந்த மீனவரிடம் காசு கேட்கவில்லை, வாங்கவும் இல்லை. இதில் என் எல்லை உறுதியானது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள். மணலில் கிடக்கும் காசு எங்கே, எதனோடு, எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் பாதிச் சரித்திரம். கரையோரப் பேரம் பேசி வாங்கிய காசில் அந்தப் பாதி தொலைந்துபோயிருக்கும். என் ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் சரி, அந்த வழியில் நிரப்ப மாட்டேன். பழைய சேகரிப்புகள் கைமாறும்போது, ஏலத்தில், ரசீதோடு வாங்கியதுதான் என் செட். இப்படி வந்த காசு மட்டுமே செட்டில் சேரும் என்பதும் முழுமைக்கான விதிகளில் ஒன்று என்று நினைக்கிறேன். எத்தனை காசு என்பதைப் போலவே எந்த வழியில் வந்த காசு என்பதும் முக்கியம். பெரியவரும் இதில் என் பக்கம்.

திரும்பும்போது பொறையார் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டே பெரியவர் ஆல்பத்தின் முதல் பக்கத்தைக் காட்டினார். ‘ஆறாம் பிரெடெரிக், நாலு காஸ், ஆண்டுக்கு ஒன்று, ஓட்டை இல்லாதது’ என்று மையால் எழுதி, தொடங்கிய தேதியும் போட்டிருந்தார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. என் விதி அவர் விதி இல்லை. ஆனால் முதல் காசு வாங்குவதற்கு முன்னாலேயே விதியை எழுதி வைத்த மனிதர். பலர் வாங்கிக் குவித்துவிட்டு, கையில் இருப்பதற்குத் தகுந்தபடி பின்னால் விதியை வளைக்கிறார்கள். விற்பவர் ‘இதுவும் வேணும் சார், இல்லாட்டி செட் ஆகாது’ என்று சொல்லும்போது மறுக்க அவர்களிடம் ஒரு எழுத்தும் இருக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வெள்ளைத் தாளில் முதலில் உங்கள் கேள்வியை எழுதுங்கள்: ஆண்டா, மன்னரா, உலோகமா, ஒரு ஊரின் புழக்கமா? அந்தக் கேள்விக்கு எத்தனை காசு வேண்டுமோ அத்தனைதான் உங்கள் செட். அப்புறம் கடைக்குப் போங்கள். வீட்டில் பாட்டி காலத்துச் செப்புக் காசு இருந்தால் தயவுசெய்து புளியைத் தொடாதீர்கள். வெறும் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, யார் வீட்டிலிருந்து எப்போது வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி, காசைத் தொடாதபடி கூடவே வையுங்கள்.